பாம்பன் பாலத்தை எங்கே நின்று எடுப்பது?

பாம்பன் பாலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே படம்தான். நீலக் கடல், குறுக்கே ரயில் பாலம், அதன்மேல் ஒரு ரயில், ஓரத்தில் நாலைந்து படகுகள். எடுத்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அத்தனை பேரும் நின்ற இடம் சாலைப் பாலத்தின் நடைபாதை. வண்டி மெதுவாகும், ஆட்கள் இறங்குவார்கள், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நாலு படம் எடுப்பார்கள், போலீஸ்காரர் விசில் ஊதுவதற்குள் ஏறிவிடுவார்கள்.

அந்தப் படம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் சாலைப் பாலம் இருக்காது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1974-ல் அடிக்கல், 1988 அக்டோபர் 2-ல் திறப்பு என்று பதினான்கு ஆண்டு இழுத்துக் கட்டிய அன்னை இந்திரா காந்தி பாலம் அது. அது வரும்வரை ராமேஸ்வரம் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். அப்பேர்ப்பட்ட பாலம் படத்தில் வராமலே போகிறது, எல்லோரும் அதன் முதுகில் நின்றே எடுப்பதால்.

ராமேஸ்வரத்துக்கு ஓர் இரவு தங்கும் கணக்கில் வருகிறவருக்கு நல்ல வெளிச்சம் இரண்டு முறை கிடைக்கும்: ஒரு மாலை, ஒரு காலை. ஒன்று கோயிலுக்கும் தனுஷ்கோடிக்கும் போய்விடும். மிச்சமுள்ள ஒன்றைப் பாலத்துக்கு எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வி. மேலே நிற்கலாம், கரையில் இறங்கி அடியில் நிற்கலாம், படகு பிடிக்கலாம், ரயிலில் உட்காரலாம், ட்ரோன் விடலாம். என் ஓட்டு அடியில் நிற்பதற்கு. மற்றவற்றுக்கும் சொந்த நியாயங்கள் உண்டு, அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

மேலே நின்றால்

மேலிருந்து எடுப்பதில் பெரிய லாபம், பாலத்தின் அமைப்பு ஒரே பார்வையில் புரிந்துவிடுகிறது. 1914 பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதியதும், பழையதை அகற்றி முடிக்கும்வரை அக்கம்பக்கமாகக் கிடக்கும். பழையதன் நடுவில் ஷெர்சர் தூக்கு: கப்பலுக்கு வழிவிட, இரண்டு இலைகளாகப் பிரிந்து கைகள் விரிவதுபோல் மேலே எழும் வகை. அதை ஆட்கள் கையால் சுழற்றித்தான் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று, இரு கோபுரங்களுக்கு நடுவே கிடையாகவே 17 மீட்டர் மேலே போகும், மோட்டார் பார்த்துக்கொள்கிறது. நூறாண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு யோசனைகளை ஒரே சட்டத்தில் வைப்பதற்கு மேலே நிற்பதைவிட வசதியான இடம் இல்லை.

சிக்கல்களும் அங்கேதான் தொடங்குகின்றன. உயரத்திலிருந்து பார்க்கும்போது ரயில் பாலத்துக்குப் பின்னால் இருப்பது முழுக்க தண்ணீர். சாம்பல் நிற இரும்பு, சாம்பல் பச்சைக் கடல். உச்சி வெயிலில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அளவு காட்டப் பக்கத்தில் எதுவும் இல்லாததால், இரண்டு கிலோமீட்டர் பாலம் மேசைமேல் வைத்த மாதிரிப் பொம்மை அளவுக்குச் சுருங்கிவிடும். ரயில் ஒன்று வந்தால் மட்டும் படம் பிழைக்கும். அந்த ரயிலும் இப்போது முன்புபோல் காத்திருப்பதில்லை. பழைய பாலத்தில் வண்டி மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. கடக்கப் பன்னிரண்டு நிமிடம். லென்ஸ் மாற்றி, டீ குடித்து, மறுபடி எடுக்கலாம். புதிய பாலத்தில் 75 வரை அனுமதி இருப்பதால் எல்லாம் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று, அதிர்வு. சாலைப் பாலத்தில் லாரி ஏறினால் நடைபாதை நடுங்கும். ட்ரைபாட் (கேமரா வைக்கும் முக்காலி) எவ்வளவு கனமாக இருந்தாலும் தரையே ஆடும்போது பயன் இல்லை. விடியலுக்கு முன் பத்து இருபது விநாடி ஷட்டர் திறந்துவைத்து, கடலைப் பட்டுத்துணி போல ஆக்க நினைப்பவர்கள் இங்கே வந்து ஏமாறுவார்கள். வேகமான ஷட்டரில் கையில் பிடித்து எடுப்பவருக்குப் பிரச்சினை இல்லை. வண்டியை மட்டும் பாலத்தில் நிறுத்தாதீர்கள். இரு வழிச் சாலை, பின்னால் வரும் பேருந்துக்கு ஒதுங்க இடமே கிடையாது. பாலம் முடியும் இடத்தில் விட்டுவிட்டு நடந்து வாருங்கள். நடந்து வருகிறவருக்குத்தான் நின்று பார்க்கும் பொறுமையும் வரும்.

அடியில் நின்றால்

பாம்பன் பக்கம் பாலம் இறங்கும் இடத்தில் கரைக்குப் போகும் தெருக்கள் உண்டு. மீன் காயும் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனால் கடல் வந்துவிடும். வத்தை என்னும் சிறு படகுகளும் நாட்டுப்படகுகளும் கட்டிக் கிடக்கும் அந்தக் கரையில் நின்று நிமிர்ந்தால், மேலே நின்றபோது காணாமல் போயிருந்த சாலைப் பாலம் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். அதன் கான்கிரீட் வயிறு நடுவில் மெல்ல உயர்ந்து மறுபடி தாழ்வது கீழிருந்துதான் தெரியும். கப்பலும் படகும் அடியில் போவதற்காகக் கொடுத்த உயரம் அது. தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே, எதிரே பெருநிலத்தில் உள்ள மண்டபம் ஊரின் கரைவரை போகும்.

மேலே நின்றவருக்கு இரும்பின் பின்னணி கடல். கீழே நிற்பவருக்கு வானம். வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் படம் அடியோடு மாறிவிடுகிறது. தாழ்வாகக் குனிந்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒன்றிரண்டு அடி மேலே வைத்தால், தொடுவானம் கீழே இறங்கி ரயில் பாலம் முழுசாக வானத்தில் ஏறி நிற்கும். தூக்குக் கோபுரங்கள் இரண்டும் கோபுரமாகவே தெரியும். சாலைப் பாலத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே அந்தக் கோபுரங்களைச் செருகிப் பாருங்கள்: கான்கிரீட் சட்டத்துக்குள் இரும்பு. இரண்டு அடி இடம் வலம் நகர்ந்தாலே தூண்களின் அடுக்கு மாறும், ஆகவே ஒரே இடத்தில் நின்று ஜூம் செய்வதைவிடக் காலைப் பயன்படுத்துவது பலன் தரும். தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் தூண்களின் பிம்பமும் கிடைக்கும். ஏற்றவற்றம் இந்தப் பக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஈரமணலில் விழும் பிம்பம் வேறு எப்போதும் வராது.

தரை ஆடாது என்பதால் நீண்ட எக்ஸ்போஷருக்கும் இதுதான் இடம். பாலத்தின் வயிறு இருட்டு, வானம் வெளிச்சம். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முடியாமல் கேமரா திணறும். வானத்தின் வெளிச்சத்துக்கு அளந்து எடுத்துவிட்டு, இருண்ட பகுதியைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்வது பாதுகாப்பு. வெந்துபோன வானத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கைப்பேசியில் எடுப்பவர் திரையில் வானத்தைத் தொட்டுவிட்டு எடுத்தால் போதும்.

திசை பற்றியும் ஒரு வார்த்தை. மண்டபம் மேற்கே, பாம்பன் கிழக்கே. காலையில் மண்டபம் கரையில் நின்றால் சூரியன் எதிரே வந்து எல்லாம் கருநிழல் உருவமாகும். பாம்பன் கரையில் நின்றால் அதே வெளிச்சம் முதுகுக்குப் பின்னாலிருந்து பாலத்தில் விழும், துருவும் ஆணியும்கூட எண்ணலாம். மாலையில் இது தலைகீழ். பலர் விட்டுவிடுகிற இன்னொரு சங்கதி: இந்த ஊர் ஒன்பதரை டிகிரிக்கும் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போகும். அந்த மாதங்களில் பாலத்தின் வடமுகம் ஒளிபெறும். மற்ற மாதங்களில் தென்முகம். டிசம்பரில் வந்து வடகடல் பக்கம் நின்று ‘பாலம் ஏன் இருண்டு கிடக்கிறது’ என்று கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. சூரியன் டிசம்பரில் ஆறரை வாக்கில் எழும், ஜூனில் ஆறுக்குச் சற்று முன்பே.

காற்றும் கணக்கில் சேர வேண்டும். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இங்குள்ளவர்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குக் காற்று அடிக்கும்போது ஆண்கடல் பொங்கும், வடபக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பியதும் நிலைமை மாறும். எந்தப் பக்கக் கரையில் இறங்குவது என்பதை மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தக் காற்றில் உப்புத் துளி லென்ஸில் ஒட்டாமல் இருக்குமா? உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்தது. லென்ஸுக்கு முன்னால் ஒரு சாதாரண ஃபில்டர் மாட்டிவைப்பது இன்னும் நல்லது. போனால் ஃபில்டரோடு போகட்டும்.

கரையில் நடந்துகொள்ளும் முறை ஒன்று உண்டு. அது சுற்றுலாத் தலம் அல்ல, தொழில் செய்யும் இடம். வலையைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். ஆளைச் சேர்த்து எடுப்பதானால் முதலில் கேளுங்கள். “அண்ணே, தூக்கு இன்னைக்குத் தொறப்பாங்களா?” என்று வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் கேட்டால், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்கணும் என்பதுவரை சொல்லித் தருவார். பெரிய படகுகளும் இழுவைக் கப்பல்களும் கால்வாயைக் கடக்கக் காத்திருந்தால்தான் தூக்கு திறக்கும். தினசரி அட்டவணை எதுவும் கிடையாது, ஆனால் கடலில் வரிசையாக நங்கூரமிட்டு நிற்பவற்றைப் பார்த்தே கரையில் இருப்பவர்கள் கணித்துவிடுவார்கள். ரயில் தண்டவாளத்தில் மட்டும் ஏறிவிடாதீர்கள். 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் அத்துமீறலுக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். அதைவிட, புதிய பாலத்தில் வண்டி வரும் வேகத்தில் ஒதுங்க நேரமும் இருக்காது.

அடியில் நிற்பதை நான் முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணம், அவசரம். பழைய பாலத்தை அகற்ற ரயில்வே முடிவெடுத்திருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் இதன் கர்டர்களில் (தூண்களை இணைக்கும் இரும்பு உத்தரங்களில்) பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன, தூக்கு தப்பியது, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மறுபடி ரயில் ஓட்டினார்கள். அந்தத் தூண்களும் புதிய தூண்களும் பின்னிப்பிணைந்து தெரியும் காட்சி தாழ்ந்த கோணத்தில்தான் கிடைக்கும். மேலிருந்து இரண்டும் தனித்தனிக் கோடுகள். கீழிருந்து ஒரே காடு. நீங்கள் போகும் நாளில் எவ்வளவு மிச்சம் நிற்கிறதோ அவ்வளவையும் எடுத்துவிடுங்கள்.

படகு, ரயில், ட்ரோன்

படகு, அடியில் நிற்பதன் நீட்சி. கரையிலிருந்து எட்டாத நடுப்பகுதி, தூக்குத் துண்டின் நேர் அடி எல்லாம் அதில்தான் வரும். ஆனால் மீன்பிடிப் படகு மீன் பிடிக்க உரிமம் பெற்றது, ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்ட அல்ல. காசு கொடுத்து ஒருவரைச் சம்மதிக்க வைத்தால் பிறகு மாட்டுவது அவர்தான். வனத்துறை பாம்பனுக்கு அருகே உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. அந்தப் பயணம் பாலத்துக்காக அல்ல, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்காக. தூரத்தில் பாலம் தெரிவதை ஒரு உபரியாக எடுத்துக்கொள்ளலாம். எந்தப் படகானாலும் ட்ரைபாடை மறந்துவிடுங்கள். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு விநாடி அல்லது அதைவிட வேகமாக, ஒரே ஒரு லென்ஸ், உயிர்க்காப்பு அங்கி. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று செய்தி வந்தால் படகு யோசனையை அன்றோடு விட்டுவிட வேண்டியதுதான்.

குந்துகால் பற்றிச் சொன்னதால்: 1897 ஜனவரியில் விவேகானந்தர் கரையிறங்கிய இடம் என்று அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து நீண்ட லென்ஸில் பாலத்தைப் பார்க்கலாம். முழுச் சட்டக் கேமராவில் (ஃபுல் ஃப்ரேம்) 200 மில்லிமீட்டர் லென்ஸ், ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 180 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். தூரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும். இந்தக் கணக்கை வைத்து 72.5 மீட்டர் தூக்குத் துண்டு உங்கள் படத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கிளம்புமுன்பே பார்த்துக்கொள்ளலாம். வெயில் ஏறிவிட்டால் தண்ணீர்மேல் காற்று நெளிந்து இரும்பும் நெளியும். காலை எட்டு மணிக்குமேல் இந்த வழி சரிப்படாது.

ரயில் சுவாரசியமான தேர்வு, காரணம் சாலைப் பாலத்தைப் பக்கவாட்டில் முழுசாகக் காட்டுவது அதுதான். மண்டபத்தில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கலாம், செலவும் சொற்பம். ஜன்னல் கம்பியில் லென்ஸை ஒட்டிவைத்து, சாலைப் பாலத்தின் தூண்கள் ஓடும் வரிசையைக் காணொளியாக எடுப்பது ஒரு படத்தைவிட நன்றாக வரும். கதவில் தொங்கி எடுக்கும் வீரம் வேண்டாம். கடல் காற்று திடீரென்று தள்ளும், கீழே இறங்கிப் பிடித்துக்கொள்ள நிலம் கிடையாது. பழைய பாலத்துக் கணக்கில் நிதானமாக எடுக்கலாம் என்று வந்தவர்கள், இரண்டு நிமிடத்தில் பாம்பன் நிலையம் வந்ததும் முழிப்பதைப் பார்க்கலாம்.

ட்ரோனுக்கு இங்கே நான் யாரையும் தூண்டமாட்டேன். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், எதிரே சர்வதேச கடல் எல்லை. 2021 ட்ரோன் விதிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வான்வெளி பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில்கூட 400 அடிதான் வரம்பு. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அன்றைய நிறத்தைப் பார்த்து, உள்ளூர்க் காவல் நிலையத்திலும் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு நாள் வருகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே? அதோடு, ட்ரோன் தருவதும் மேலிருந்து கீழே பார்க்கும் அதே பார்வைதான், இன்னும் கொஞ்சம் உயரத்திலிருந்து.

ஊருக்குள்

ராமேஸ்வரம் நகரத்தை எடுக்கவும் இதே கேள்வி வரும். எல்லோரும் கைகாட்டுவது கந்தமாதன பர்வதம்: தீவின் உயரமான மேடு, மேலே இரண்டடுக்கு மண்டபம், ராமர் பாதம். அங்கிருந்து ஊர், கோபுரங்கள், கடல் எல்லாம் வளைத்துத் தெரியும். 323 மீட்டர் தூர்தர்ஷன் கோபுரமும் நிற்கும். அதற்குப் பக்கத்தில் ராஜகோபுரம் சின்னதாகிவிடுவதை ரசிக்கலாம், அல்லது எரிச்சல்படலாம். எனக்கு இரண்டாவதுதான். ஊரைப் புரிந்துகொள்ள ஏறுங்கள். கோபுரத்தைக் கோபுரமாக எடுக்க அக்னி தீர்த்தத்துக்குப் போய், விடியற்காலையில் முழங்கால் தண்ணீரில் நின்று மேற்கே பாருங்கள். கிழக்குக் கோபுரத்தின்மேல் முதல் வெளிச்சம் நேராக விழும், குளிப்பவர்களின் தலைகள் கீழே அளவு காட்டும். குளிப்பவர்களை நெருக்கமாக எடுப்பது மட்டும் கூடாது. புகழ்பெற்ற மூன்றாம் பிரகாரத்தை எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கோயிலுக்குள் கைப்பேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை, அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவதுதான்.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையச் சுவர்களும் பவளக்கல்லால் ஆனவை. நெருங்கிப் போய், பக்கவாட்டு வெயிலில் கல்லின் துளைகளை எடுங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் மாலையைப் பாலத்துக்கு வைத்து, பகலில் இங்கே வருவது தோது.

யாருக்கு எது

குழந்தைகளோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு ரயில் போதும். மண்டபத்தில் ஏற்றிவிட்டு, ஒருவர் மட்டும் காரை ஓட்டிக்கொண்டு ராமேஸ்வரம் நிலையத்துக்கு வந்துவிடலாம். அரை மணி நேரம் மட்டும் உள்ளவர் மேலே நடந்துபோய் எல்லோரும் எடுக்கும் படத்தையே எடுக்கட்டும். அது ஒன்றும் குறைந்த படம் இல்லை. ஒரு முழு மாலை கையில் இருப்பவர் நாலு மணிக்கே பாம்பன் கரையில் இறங்கி, வெளிச்சம் மாறுவதோடு இடம் மாறி, இருட்டும்வரை இருக்கலாம். சாலைப் பாலத்தில் விளக்கு எரியத் தொடங்கி, மேற்கே வானம் இன்னும் நீலமாக இருக்கும் இருபது நிமிடத்தில் இரண்டு வெளிச்சமும் சமமாகும். அப்போது கருநிழலாக நிற்கும் ரயில் பாலத்துக்கு நாலு விநாடி ஷட்டர் போதுமானது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். வண்ணப் படகுகளின் வரிசை முன்னால், பாலம் பின்னால் என்ற படம் வேண்டுமானால் அந்த நாட்களில் வாருங்கள். பாலத்தின் அடியில் படகு கடக்கும் படம் வேண்டுமானால் தடை நீங்கியபின், கடல் அடங்கிய ஒரு காலையில்.